அத்தியாயம் 6: சேர்வராயன் மலையில் மோப்ப நாயுடன் தேடுதல்

சேர்வராயன் மலையில் அலங்கு (எறும்புத்தின்னி) இன்னும் இருக்கிறதா? சிறுத்தை இங்கேயே தங்கிவிட்டதா, அவ்வப்போது கடந்து போகிறதா? காப்பித் தோட்டத்து வேலியோரம் சுருக்குக் கம்பி வைப்பவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறார்கள்? இந்த மலையில் வேலை செய்யும் வனப் பணியாளர், தோட்ட உரிமையாளர், ஆய்வு மாணவர் எல்லோருக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. மூன்றுக்குமே மோப்ப நாய் உதவும். ஆனால் ஒரே நடையில் மூன்றையும் கேட்டால் நாய் குழம்பும், உங்கள் குறிப்பேடு அதைவிட அதிகமாகக் குழம்பும். ஒரு தேடலுக்கு ஒரு கேள்வி என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேமராவை மரத்தில் கட்டினால் அதன் முன்னால் நடப்பது மட்டும் பதிவாகும். அலங்கு பகலில் வளைக்குள் சுருண்டு கிடக்கும், இரவில் புதர் வழியே போகும், ஒரே தடத்தில் திரும்ப வராமலும் இருக்கும். அது கேமரா முன்னால் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாய் காத்திருப்பதில்லை, விலங்கு விட்டுப்போன வாசனையைத் தேடிப் போகிறது. இதுதான் அதன் பலம். இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பப் பேசப்போவது அதன் மறுபக்கத்தை. நாய் எதையும் காட்டாமல் திரும்பி வந்தால், "இந்தச் சரிவில் அது இல்லை" என்று எப்போது சொல்லலாம்? அரிய விலங்கைத் தேடும்போது பத்துத் தேடலில் ஒன்பதில் கிடைப்பது "இல்லை" என்ற பதில்தான். அந்தப் பதிலை நம்பும்படி ஆக்குவதில்தான் வேலையின் பெரும்பகுதி இருக்கிறது.

இந்த மலையின் அமைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். முதுமலைபோல இது புலிகள் காப்பகம் அல்ல. காப்புக்காடு, பட்டா நிலம், ஊர், எஸ்டேட் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து நிலம் இப்படித்தான் துண்டுபட்டுக்கொண்டு வந்திருக்கிறது. காட்டுமாடு காப்பிச் செடிக்கு நடுவே மேய்கிறது. ஒரே காலையில் உங்கள் நாய் வனத்துறை நிலத்திலும் மூன்று பேருடைய தோட்டத்திலும் நடக்க நேரிடும். எல்லோரிடமும் முன்னதாகவே அனுமதி வாங்குங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்து அனுமதியில்லாமல் நாயுடன் நுழைந்தால் உங்களை வேட்டைக்காரர் என்று நினைப்பதில் தவறில்லை.

தேடாத இடம் இந்த மலையில் இன்னும் நிறைய உண்டு. இந்த மலையிலுள்ள ஏற்காட்டின் பெயரை அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு சிறு பல்லி இனம் 2000-ஆம் ஆண்டில்தான் விவரிக்கப்பட்டது. சேர்வராயன் பெயரைத் தாங்கிய அதன் உறவினம் 2019-இல் வந்தது. சேலத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய மலையில் இந்த நிலை. நாய்கள் விலங்கை மட்டும் அல்ல, அரிய செடியையும் தேடும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கின்கெய்ட் லூபின் என்ற அழிந்துவரும் செடியைத் தேட நாயைப் பழக்கியிருக்கிறார்கள். இங்கே மட்டுமே வளரும் வெர்னோனியா சேர்வராயென்சிஸ் மரத்தின் நாற்றுகளை அப்படித் தேடலாம் என்பது என் ஆசை.

முன்னால் நடந்தவை

இந்த முறை புதியது அல்ல. நியூசிலாந்தில் ரிச்சர்டு ஹென்றி என்பவர் 1890-களில் வாய்க்கூடு மாட்டி மணி கட்டிய நாயை வைத்து ககாபோ கிளிகளையும் கிவிப் பறவைகளையும் தேடிப் பிடித்து, பாதுகாப்பான தீவுக்கு மாற்றினார். வாய்க்கூடு பறவையைக் கடிக்காமலிருக்க, மணி நாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. 1997-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வாசர், விலங்கின் எச்சத்தைத் தேடும் நாய்களைக் கொண்டு ஒரு திட்டம் தொடங்கினார். அந்தத் திட்டத்தின் டக்கர் என்ற லாப்ரடார் கலப்பு நாய், படகின் முன்முனையில் நின்றபடி கடலில் மிதக்கும் ஓர்கா திமிங்கில எச்சத்தை மோப்பம் பிடித்தது.

இந்தியாவில், வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008-இல் இரண்டே நாய்களுடன் மோப்ப நாய்த் திட்டத்தைத் தொடங்கியது. போபாலில் உள்ள மத்தியப் பிரதேச சிறப்பு ஆயுதப் படையின் 23-ஆவது பட்டாலியன் பயிற்சி மையத்திலும், பின்னர் அரியானாவின் பஞ்ச்குலா அருகே இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மையத்திலும் நாய்கள் பழக்கப்பட்டு, பல மாநில வனத்துறைகளுக்கு அனுப்பப்பட்டன. புலித் தோல், எலும்பு, தந்தம் ஆகியவற்றின் வாசனை அவற்றுக்குக் கற்பிக்கப்பட்டது. அசாமில் ஆரண்யக் அமைப்பு 2011-இல் தொடங்கிய பிரிவின் முதல் நாய் சோர்பா, காண்டாமிருக வேட்டைக்காரர்களைப் பின்தொடர்ந்தது. பந்திப்பூரின் ராணா நம் பக்கத்து ஊர் நாய். 2019 அக்டோபரில் குண்டலுப்பேட்டைப் பகுதியில் இரண்டு பேரைக் கொன்ற புலியைத் தேடியபோது அது முன்னால் நடந்தது.

2021-இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் டி23 புலியைத் தேடிய நாட்கள் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மோப்ப நாய்கள், கும்கி யானைகள், டிரோன்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்கள் என எல்லாம் இறங்கியும் அக்டோபர் 15-ஆம் தேதிதான் புலி உயிருடன் பிடிபட்டது. மழை தடத்தைத் திரும்பத் திரும்ப அழித்தது. நாய் தோற்றது என்று அதைப் படிக்கக் கூடாது. எந்த வானிலையில், எவ்வளவு பழைய தடத்தில் நாயை இறக்குகிறோம் என்பதே முடிவை நிர்ணயிக்கிறது என்று படிக்க வேண்டும்.

நாயும் அதன் ஆளும்

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இவற்றைப் பழக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். நம் நாட்டு நாய்கள் வெயிலைத் தாங்கும், நோய் எதிர்ப்பும் நல்லது. ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. முயல் குறுக்கே ஓடினால் வாசனையை விட்டுவிட்டு அதன் பின்னால் போகும் துடிப்பு அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. இனத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குணம். பந்தை எறிந்து புதருக்குள் ஒளித்தால், கால்மணி நேரம் ஆனாலும் சலிக்காமல் தேடும் குட்டி வேண்டும். கோழியையும் ஆட்டையும் கண்டால் பொருட்படுத்தாமல் நடக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தெருவில் பிறந்த நாயும் போதும். ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீக்குப் பிறகு கோலாக்களைத் தேடிக் காப்பாற்றிய பேர் (Bear) என்ற நாய், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று உரிமையாளர் கைவிட்ட நாய்தான்.

ஒரு நாயைக் கையாள இரண்டு ஆட்கள் வேண்டும். டிராஃபிக் திட்டத்திலும் இப்படித்தான். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் நாய் சும்மா இருக்கக் கூடாது, பழக்கமில்லாதவரிடம் போகவும் கூடாது. பயிற்சி ஏழெட்டு மாதம் பிடிக்கும், அவ்வளவு காலமும் ஆட்கள் நாயுடனேயே இருக்க வேண்டும். மாறுதல் ஆணை வந்தால் வனக்காப்பாளர் வேறு சரகத்துக்குப் போய்விடுவார், நாய் இங்கே நிற்கும். பயிற்சிக்கு அனுப்பும் முன்பே இதை வனச்சரகரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வாசனையைப் பழக்கும் மாதிரியில்தான் பலருக்கும் சறுக்குகிறது. அலங்கின் செதில், சிறுத்தைத் தோல் இவற்றைப் பயிற்சிக்காகக்கூடத் தனியார் வைத்திருக்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அலங்கு, சிறுத்தை, காட்டுமாடு மூன்றும் அந்த அட்டவணையில்தான் இருக்கின்றன. ஆகவே மாதிரி வனத்துறையின் பொறுப்பில், தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியோடு இருக்க வேண்டும். எச்சம் சேகரிப்பதற்கும் அனுமதி வேண்டும்.

சிறுத்தை எச்சத்துக்கு உயிரியல் பூங்காவை நாடலாம். ஆனால் கூண்டில் மாட்டிறைச்சி தின்னும் சிறுத்தையின் எச்சம் காட்டில் பன்றியும் குரங்கும் தின்னும் சிறுத்தையின் எச்சம்போல நாறாது. மரபணுச் சோதனையில் உறுதியான காட்டு எச்சமும் கலந்திருக்க வேண்டும். ஆண், பெண், குட்டி, புதியது, காய்ந்தது எல்லாம் வேண்டும். மாதிரியை ஒரே வகை பிளாஸ்டிக் பையில் வைத்து, ஒரே கையுறையால் தொட்டுக்கொண்டிருந்தால் நாய் பையைக் கற்கும், கையுறையைக் கற்கும். வெற்றுப் பையையும் வெற்றுக் கையுறையையும் இடையிடையே வைத்துப் பாருங்கள். கண்டதை உட்கார்ந்து காட்டப் பழகும் நாய் அங்கேயும் உட்கார்ந்தால் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்தது வெற்றுத் தேடல். எதுவும் வைக்காத இடத்தில் நாயை முழுமையாகத் தேடவிட்டு, உட்காராமல் முடித்தால் பரிசு கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், பரிசான பந்து கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நாய் எங்காவது உட்காரப் பழகிவிடும். அதைவிட ஆபத்து ஆளின் உடல். 2011-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் லிசா லிட் குழுவினர் 18 நாய்-ஆள் இணைகளைச் சோதித்தார்கள். வாசனைப் பொருள் எதுவும் இல்லாத இடத்தில், சில இடங்களில் இருப்பதாக ஆட்களிடம் சொல்லி வைத்தார்கள். பெரும்பாலான தேடல்களில் "நாய் காட்டியது" என்று ஆட்கள் அறிவித்தார்கள். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் நம் கால் தயங்குகிறது, மூச்சு மாறுகிறது, கயிறு கொஞ்சம் இறுகுகிறது. நாய் அதைப் படித்துவிடுகிறது, அல்லது நாமே இல்லாததைப் பார்த்துவிடுகிறோம். மாதிரி எங்கே இருக்கிறது என்று ஆளுக்கும் தெரியக் கூடாது, அருகில் நிற்பவருக்கும் தெரியக் கூடாது. ஒளித்து வைத்தவர் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும்.

மலைக் காற்று

சமவெளியில் பழகிய நாய்க்கும் ஆளுக்கும் இங்கே புதிதாகக் கற்க வேண்டியது காற்று. வாசனை, பொருளிலிருந்து காற்றடிக்கும் திசையில் விசிறிபோல விரிகிறது. நாய் அந்த விசிறியைக் குறுக்காக வெட்டி, ஓரத்தைக் கண்டு, வளைந்து வளைந்து மூலத்துக்குப் போகும். விசிறிக்குள் நாய் நுழையவே இல்லை என்றால், பத்தடி தூரத்தில் எச்சம் கிடந்தாலும் அது தேடியதாகாது.

விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும். அப்போது பள்ளத்தையொட்டி நடங்கள், மேலே கிடப்பதன் வாசனை உங்களை நோக்கி வரும். வெயில் ஏறி, சேலம் பக்கச் சரிவு சூடானதும் காற்று மேலேறத் தொடங்கும். அதன்பின் முகட்டையொட்டி நடங்கள். இடையில் காற்று திசை மாறும் அரைமணி நேரம் எதற்கும் உதவாது, நாய்க்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். திசை பார்க்கக் கருவி வேண்டாம், ஒரு சிட்டிகை திருநீற்றைத் தூவினால் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் தூவிப் பாருங்கள், ஓடைக்கு ஓடை மாறும்.

சில்வர் ஓக் நிழலில் இருக்கும் காப்பித் தோட்டத்துக்குள் காற்று கிட்டத்தட்ட நின்றுவிடும். வாசனை செடிக்கடியில் தேங்கி நிற்கும், தூரம் போகாது. திறந்த புல்வெளியில் ஐம்பது மீட்டர் இடைவெளியில் நடந்தது போதும் என்றால், இங்கே இரண்டு மூன்று வரிசைக்கு ஒரு நடை வேண்டும். பனிமூட்டத்தில் ஈரம் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் காற்று இருக்காது. அன்றும் நெருக்கமாக நடக்க வேண்டும். பெருமழைக்குப் பின் ஒரு நாள் விடுங்கள். தூறலுக்குப் பிந்திய காலைதான் இந்த மலையில் ஆகச் சிறந்த நேரம்.

காப்பிப் பூக்கும் நாட்களில் அந்த மணம் நாயின் மூக்கை அடைத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். நமக்கு ஒரே மணமாகத் தெரிவதை நாய் தனித்தனியாகப் பிரித்துவிடும். பயப்பட வேண்டியது மருந்துக்கு. தோட்டத்தில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சந்தேகமிருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மாசி, பங்குனியில் தீப்பிடித்த சரிவுகளில் சாம்பல் மூக்கை எரிக்கும், பாதத்தையும் சுடும்.

நாய் மூச்சிரைக்கத் தொடங்கினால் வாயால் மூச்சு விடுகிறது, மூக்கு பாதி வேலைதான் செய்கிறது. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் தேடவிட வேண்டாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பல நாய்கள் வாந்தி எடுக்கும். முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, மேலே வந்ததும் ஒரு மணி நேரம் நடமாடவிட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

ஆபத்துகள்

எனக்குத் தூக்கம் கெடுப்பது அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காக இரையில் வெடிமருந்து பொதிந்து போடும் இந்தக் கொடுமை தமிழக மலையடிவாரங்களில் இன்னும் இருக்கிறது. நாய் கவ்வினால் தாடை போய்விடும். எனவே கண்டுபிடித்ததைத் தொடாமல் உட்கார்ந்து காட்டும் பழக்கம் உயிர் காக்கும் பழக்கம். கீழே கிடப்பதை எப்போதும் எடுக்காது என்று உறுதியாகும்வரை, மூச்சிரைக்க இடமுள்ள கம்பிக்கூடு போன்ற வாய்க்கூட்டை மாட்டியே அழைத்துப் போங்கள். ரிச்சர்டு ஹென்றி பறவைக்காக மாட்டியதை நாம் நாய்க்காக மாட்டுகிறோம். சுருக்குக் கம்பி இருக்கும் வேலியோரங்களில் நீண்ட கயிற்றிலேயே நடத்துங்கள். கம்பி வெட்டும் கருவி ஆளின் இடுப்பில் இருக்கட்டும், ஜீப்பில் இருந்து பயனில்லை.

காட்டுமாடு இருக்கும் தோட்டத்தில் நாய் ஒருமுறை குரைத்தால் போதும், அது நாயை விரட்டும், நாய் உங்களிடம்தான் ஓடிவரும். தோட்டக் காவலாளியிடம் அன்று காலை மந்தை எங்கே நின்றது என்று கேட்காமல் இறங்க வேண்டாம். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. இரவில் கூரையும் கதவும் உள்ள அறையில் அடையுங்கள், திண்ணையில் கட்டாதீர்கள். உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாமல் வரும். மாலைதோறும் காது மடல், விரலிடுக்கு பார்க்க வேண்டும். நாய் சோர்ந்து சாப்பாட்டைத் தள்ளினால் தள்ளிப்போடாமல் இரத்தச் சோதனைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

நாயிலிருந்து காட்டுக்கும் நோய் போகும். 2018-இல் கிர் காட்டில் சிங்கங்களைக் கொன்ற கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் நாய்களிடமும் பரவும் வைரஸ். தடுப்பூசி முழுமையாகப் போடாத நாய் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அது போடும் மலத்தையும் அள்ளி வந்துவிடுங்கள்.

ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே பேசுவது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. நாகலூர், வாழவந்தி பக்கத்து மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் காடு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஊர்ப் பெரியவரிடம், "ஐயா, நாளைக்குக் காலையில நாயைக் கூட்டிக்கிட்டு மேல் சரிவுக்கு வர்றோம். அலங்கு வளை இருக்கான்னு பாக்கத்தான். உங்க நாய்ங்கள ஒரு ரெண்டு மணி நேரம் கட்டி வச்சா நல்லா இருக்கும்" என்று சொன்னால் போதும், பாதி வேளை அவரே வளை இருக்கும் இடத்தையும் சொல்லுவார். அலங்கைத் தேடப் போன அதே காலையில் யார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கவிட்டால், அந்த ஊரில் உங்களுக்கு அடுத்த முறை யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அது வேறு வேலை, வேறு நாளில் வனத்துறை செய்ய வேண்டியது.

சோதனைச் சாவடித் தேடலும் அப்படியே. ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாகவும் குப்பனூர் வழியாகவும் பாதை உண்டு, ஒன்றை மட்டும் பார்த்தால் கடத்தல் சரக்கு மற்றதில் இறங்கும். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் நாயை நிறுத்தினால் இரண்டு வண்டிக்கு மேல் அதனால் கவனிக்க முடியாது. நாய் உட்கார்ந்தது சந்தேகத்துக்கான காரணம், அவ்வளவே. பையைத் திறப்பதும் மகஜர் எழுதுவதும் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி அதிகாரம் உள்ள அலுவலரின் வேலை.

குறிப்பேடு

எச்சம் கிடைத்தால் கையால் தொடாமல், சிறு குச்சியால் வெளிப்புறத்தைச் சுரண்டிச் சிலிக்கா ஜெல் போட்ட குப்பியில் அடைத்து, இடம், தேதி எழுதுங்கள். எந்த விலங்கு என்று வண்டலூரில் உள்ள உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் போன்ற ஆய்வகத்தில் மரபணு வழியே உறுதி செய்யும்வரை "சிறுத்தை" என்று எழுதாதீர்கள், "நாய் காட்டியது" என்று எழுதுங்கள்.

எதுவும் கிடைக்காத நாளில்தான் குறிப்பு நீளமாக இருக்க வேண்டும். நாய் நடந்த தடம் ஜி.பி.எஸ். கருவியில் பதிவாக வேண்டும். அதற்காக நாயின் கழுத்துப் பட்டையில் ஒன்றும் ஆளிடம் ஒன்றும் இருக்கட்டும். காற்றின் திசை எப்போது மாறியது, வெப்பம் எவ்வளவு, கடைசி மழை எப்போது, நாய் எத்தனை முறை ஓய்வெடுத்தது, எந்தப் புதருக்குள் நுழைய மறுத்தது எல்லாம் வேண்டும். அதோடு, அந்தச் சரிவில் எங்கோ ஓரிடத்தில் உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் முந்தைய மாலையே ஒரு மாதிரியை வைத்திருக்க வேண்டும். நாய் அதைக் கண்டுபிடித்துவிட்டு வேறெதையும் காட்டாமல் திரும்பினால், அன்றைய "இல்லை"யை நம்பலாம். அதையும் தவறவிட்டால் அன்று தேடியதாகவே கணக்கில் சேர்க்காதீர்கள், அதே சரிவுக்கு வேறொரு காலையில் போங்கள். அலங்கு போன்ற விலங்குக்கு ஒரே சரிவில் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று, குளிரில் ஒன்று என மூன்று நம்பத்தக்க தேடல்களாவது முடியாமல் "இங்கே இல்லை" என்று யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டாம். குறிப்பேட்டின் ஒரு படி வனச்சரக அலுவலகத்திலும் இருக்கட்டும், ஐந்து வருடம் கழித்து வேறொரு நாயோடு வருபவர் அதை எடுத்துப் பார்ப்பார்.